ஒளிந்துகொள்ள நல்ல இடம்

உங்கள் வாசலில் என் பையைச் சோதித்தவரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் மேடம், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல மனிதர். சிரித்த முகமாக வணக்கம் சொன்னார். ஆனால் முன் ஜிப்பை மட்டும்தான் திறந்து பார்த்தார். பக்கத்து ஜிப்பைத் தொடவே இல்லை. அதில் என் மூக்குக்கண்ணாடியும் ஒரு ஆப்பிளும்தான் இருந்தன, பயப்படாதீர்கள். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை.

துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி என்றதும் இடுப்பில் துப்பாக்கி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் வேலையில் பாதி கதவு, மீதிப் பாதி அடையாள அட்டை. ஆனால் அதில் ஒரு அழகு உண்டு. உலகத்தில் எந்தக் கடலில் ஓடுகிற கப்பலாக இருந்தாலும், எந்தத் துறைமுகத்தில் வந்து கட்டினாலும், பாதுகாப்புக்கு ஒரே விதிதான். ஒரே வீட்டுக்குள் உப்பு போதுமா போதாதா என்பதில் இரண்டு பேருக்கு ஒத்துப்போவதில்லை. கப்பல் ஏணியடியில் யார் நிற்க வேண்டும், வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதில் உலகமே ஒத்துப்போயிருக்கிறது. கப்பலில் ஒரு பாதுகாப்பு அதிகாரி இருப்பார், கரையில் ஒருவர். இருவரும் கை குலுக்கி, உன் பொறுப்பு இது, என் பொறுப்பு இது என்று பிரித்துக்கொள்வார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை இவ்வளவு மரியாதையாக நடந்து நான் பார்த்ததில்லை.

ஆபத்தையும் மூன்று நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை, எப்போதும்போல. இரண்டாவது, ஏதோ வரலாம் என்று தெரிகிறது. மூன்றாவது, வந்தேவிட்டது. என் காலம் முழுக்க எங்கள் துறைமுகம் முதல் நிலையைத் தாண்டவில்லை. அதற்காக நான் வருந்தியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் என் வேலையின் வெற்றி. கஷ்டம் என்னவென்றால், ஒன்றும் நடக்காவிட்டால் இவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

அந்த நாலு பேரில் முதல் ஆள் என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். அப்பா போன பிறகு தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து நான்தான் கட்டிக்கொடுத்தேன். துறைமுகத்தில் சரக்குத் திட்டப் பிரிவில் வேலை வாங்கிக்கொடுத்ததும் நான்தான். எந்தக் கப்பலில் எந்தச் சரக்கை எப்போது இறக்குவது என்று கணினி முன்னால் உட்கார்ந்து திட்டம் போடுகிற வேலை. கெட்டிக்காரர். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்களே, அவருக்கு இரண்டு வாய். கிரேன் ஓட்டுகிறவர்கள், லாரிக்காரர்கள், கேன்டீன் பெண்கள் என்று எல்லோருக்கும் அவர் வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். அங்கே அவர் அடிக்கிற ஜோக்கில் பெரும்பாலும் நான்தான் இருப்பேன்.

"மச்சான், உங்க கேட்டுல யானை வந்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா? யானையப் பாக்க மாட்டாங்க. கழுத்துல அட்டை தொங்குதான்னு மட்டும்தான் பாப்பாங்க."

தங்கை அவர் தோளில் செல்லமாகத் தட்டுவாள். "சும்மா இருங்க. அண்ணா சாப்பிடட்டும்."

நானும் சிரிப்பேன். சிரிக்கத் தெரிந்தவன் நான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நாய்க் கதை. எப்படியும் கேன்டீனில் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் என் வாயால் கேட்பது முறை. மாப்பிள்ளை தன் அடையாள அட்டையில் தன் படத்தின் மேல் பக்கத்து வீட்டு நாயின் படத்தை ஒட்டிக்கொண்டார். காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நாக்கை நீட்டியபடி, கொஞ்சம் சோகமான நாய். அந்த அட்டையோடு ஒரு வாரம் முழுக்க என் வாசல் வழியாக வந்தார், போனார். என் காவலர்கள் ஒவ்வொரு நாளும் அட்டையைப் பார்த்து, அவரைப் பார்த்து, உள்ளே விட்டார்கள். ஒருவர் சல்யூட்கூட அடித்தாராம். வாரக் கடைசியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கேன்டீன் நிறைந்திருக்கும்போது, மாப்பிள்ளை மேசை மேல் ஏறி அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இவருதான் நம்ம துறைமுகத்துல புதுசா சேர்ந்திருக்காரு. மச்சானே நேர்ல பாத்து வேலைக்கு எடுத்தாரு!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. துறைமுக மேலாளரும் அங்கே இருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "இவரையே உங்க இடத்துல போட்டுடலாம் போலிருக்கே. ஓட்டை எங்க இருக்குன்னு இவருக்குத்தான் தெரியுது." நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் அதை விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த வாரம் மாப்பிள்ளையைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவது பற்றி அவர் என்னிடமே யோசனை கேட்டார். நல்ல யோசனை என்றேன். கோபம் எதுவும் இல்லை மேடம். கோபக்காரனாக இருந்தால் அன்றைக்கே நாலு வார்த்தை பேசியிருப்பேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு வேலைதான் முக்கியம். பாதுகாப்பை ஒருவர் கேலிப்பொருளாக ஆக்கிவிட்டார். கேலியானதை மறுபடி மதிக்கத்தக்கதாக ஆக்குவது என் கடமை. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் சொல்வீர்கள்.

எங்கள் விதியில் ஒத்திகை என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நடத்தியாக வேண்டும். வெடிகுண்டு வந்ததாக, வேலியைத் தாண்டி ஆள் வந்ததாக, இப்படி எதையாவது வைத்துக்கொண்டு எல்லோரும் ஓடிப் பார்ப்பது. எனக்குப் பிடித்தது ஆள் தேடும் ஒத்திகை. கப்பல்களில் சில பேர் திருட்டுத்தனமாக ஏறி ஒளிந்துகொள்வார்கள், வேறு நாட்டுக்குப் போய் இறங்கிவிடலாம் என்று. அதனால் புறப்படும் முன் கப்பல் முழுவதும் தேடுவார்கள். ஒத்திகையில் நம் ஆள் ஒருவர் ஒளிந்துகொள்வார், கப்பல்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சின்ன வயதில் விளையாடியதேதான், கொஞ்சம் இரும்பு அதிகம்.

அப்போது ஒரு மரக் கப்பல் வந்திருந்தது. பெரிய பெரிய அடிமரங்கள், பட்டையோடு. பாதியை எங்களிடம் இறக்கிவிட்டு மீதியோடு அடுத்த துறைமுகத்துக்குப் போக வேண்டும். கப்பலின் பாதுகாப்பு அதிகாரி அதன் சீஃப் ஆபீசர், அதாவது கேப்டனுக்கு அடுத்தவர். நெட்டையான, கவலைப்படுகிற மனிதர். ஒத்திகை என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். அவருக்கும் கணக்கில் ஒன்று சேரும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளை, நாளைக்கு ஒரு கப்பல்ல ஆள் தேடற ஒத்திகை. நீங்கதான் ஒளிஞ்சுக்கணும். ஓட்டை கண்டுபிடிக்கறதுல உங்களை விட்டா ஆளு யாரு?"

அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! "மச்சான், சாயங்காலம் வரைக்கும் தேட விடறேன் பாருங்க. கப்பல் கிளம்பி அடுத்த ஊருக்கே போயிடும், நான் உள்ளேயே இருப்பேன்."

"பசிக்குமே," என்றாள் தங்கை. மறுநாள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை, நல்ல வெயில், கடலில் ஒரு சுருக்கம் இல்லை. கப்பல்காரர்களை எல்லாம் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து சீஃப் ஆபீசர் விதிகளை விளக்கிக்கொண்டிருந்தார். மேல்தளத்தில் மாப்பிள்ளையும் நானும்தான். எங்கே ஒளிகிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், அதுதான் முறை. அவர் உயிர்ப்படகைக் காட்டினார்.

"அதுலதான் முதல்ல பாப்பாங்க," என்றேன். "வாங்க, நல்ல இடம் ஒண்ணு இருக்கு."

சரக்கு அறைக்குள் ஆட்கள் இறங்குவதற்கு மேல்தளத்தில் ஒரு இரும்புக் கூண்டு இருக்கும். சின்னக் கதவு, உள்ளே நேராகக் கீழே போகிற ஏணி. இறக்காத மரம் இருந்த சரக்கு அறையின் கூண்டுக்கு அவரை அழைத்துப் போனேன். கதவைத் திறந்ததும் ஈர மரத்தின் வாசனை வந்தது. தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"காட்டுக்குள்ள போற மாதிரி இருக்கு மச்சான்."

"ரெண்டு படி இறங்கி உக்காந்துக்குங்க. அங்க ஒரு தட்டு இருக்கு. முடிஞ்சதும் வாக்கி டாக்கில கூப்பிடறேன்."

வாக்கி டாக்கி கொடுத்தேன். இரும்புக்குள் அது வெறும் செங்கல். துறைமுகத்தில் கணினி முன் உட்காருகிறவருக்கு அது தெரியாது, பாவம்.

மரம் வெட்டின பிறகும் சும்மா இருப்பதில்லை மேடம். மூடின அறைக்குள் நாள்கணக்கில் கிடந்தால் அங்கிருக்கிற காற்றின் உயிரை அது குடித்துவிடும். மணம் இருக்கும், குளிர்ச்சி இருக்கும், மூச்சுக்கு வேண்டியது மட்டும் இருக்காது. உள்ளே போகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. தூக்கம் வருகிற மாதிரி கால் துவளும், அவ்வளவுதான். பழைய கப்பலாட்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கதவில் சிவப்பில் ஒரு எச்சரிக்கைப் பலகை தொங்கும். மாப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே அதன் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பியிருந்தேன். அட்டையைச் சரியாகப் பார்க்காமல் ஆளை விட்ட என் காவலர்களை அவர் கேலி செய்தார் அல்லவா. பலகையின் பின்பக்கத்தைக் கண்டும் காணாமல் அவரும் உள்ளே போனார். அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு பாடம் மாதிரிதான் பட்டது.

கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம். அவருக்கு அது வழக்கம். எங்கே உட்கார்ந்தாலும் மேசையில் தாளம் போடுவார். இதுவும் தாளம்தான். தாம், தக்க, தாம். ‘நான் தயார், ஆரம்பிக்கச் சொல்லுங்க’ என்பதுபோல. நான் பதிலுக்குத் தட்டவில்லை. பிறகு தாளம் தப்பியது. பிறகு கைப்பிடியைத் திருப்பப் பார்த்தார் போலிருக்கிறது, லேசாக அசைந்தது. அது திரும்பாது. அந்தக் கதவின் கைப்பிடிகள் வெளியிலிருந்து இறுக்கப்பட்டிருந்தன. அவை தாமாக இறுகிக்கொள்வதில்லை மேடம், இரண்டு கையும் வேண்டும். என் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

சாப்பாட்டு அறைக்குப் போய் ஒத்திகை ஆரம்பம் என்று அறிவித்தேன்.

பிரமாதமாகத் தேடினார்கள். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். உயிர்ப்படகு, தார்ப்பாய் போட்டு மூடிய இடங்கள், இயந்திர அறை, சமையலறைக் குளிர்பெட்டி, ஒவ்வொரு கட்டிலின் அடியும். அவர்கள் தேடுகையில் நான் தேநீர் குடித்தேன். கப்பல் சமையல்காரர் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார், நன்றாகவே இருந்தது. ஒத்திகையை நிறுத்துகிற அதிகாரம் எனக்கு மட்டும்தான். ‘ஒத்திகை முடிந்தது’ என்று நான் சொல்லாதவரை யாரும் நிறுத்தக் கூடாது. கடைசியில் சீஃப் ஆபீசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், எல்லா இடமும் பாத்தாச்சு. மரம் இருக்கற அந்தக் கூண்டு மட்டும்தான் பாக்கல. காத்து சோதிக்கற மீட்டர எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"அங்க இல்ல," என்றேன். "மறுபடி பின்பக்கம் போய்ப் பாருங்க."

போனார். நல்ல பணிவு. அவர்கள் எல்லோரும் பின்பக்கம் போன பிறகு நான் முன்பக்கம் நடந்தேன். கைப்பிடிகளைத் தளர்த்தினேன். பலகையைத் திருப்பி நேராக வைத்தேன். சிவப்பு எழுத்து வெயிலில் பளிச்சென்று இருந்தது. பிறகு திரும்பி வந்து, ‘ஒத்திகை முடிந்தது’ என்று சொன்னேன். மாப்பிள்ளையை வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன். பதில் இல்லை. பின்பக்கச் சாமான் அறையில்தானே இருக்கச் சொன்னேன், எங்கே போனார் இந்த மனிதர் என்று எல்லோர் முன்னாலும் கவலைப்பட்டேன். அதன்பின் நடந்ததெல்லாம் உங்களிடம் இருக்கிறது.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அவரைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றிலிருந்து துறைமுகத்தில் ஒருவர்கூட அட்டை இல்லாமல் நடப்பதில்லை. வாசலில் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். ஒத்திகையின் நோக்கம் நிறைவேறிவிட்டது.

ஆனால் விசாரணைக் குழு போன வாரம் அறிக்கை கொடுத்தது. படித்திருப்பீர்கள். இறந்தவர் குறும்புக்காரர் என்று எல்லோரும் சாட்சி சொன்னார்களாம். பாதுகாப்பு அதிகாரியை ஏமாற்றுவதற்காகச் சொன்ன இடத்தை விட்டுவிட்டு அவராகவே வேறிடத்தில் போய் ஒளிந்துகொண்டாராம். பாதுகாப்பு அதிகாரிக்கு மூடிய இடங்களின் ஆபத்து பற்றிப் போதிய அறிவு இல்லாததால் முன்கூட்டியே எச்சரிக்கத் தவறிவிட்டாராம். அறியாமை, கவனக்குறைவு. எனவே அவரை அடிப்படைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பப் பரிந்துரை. அடிப்படை வகுப்பு மேடம். புதிதாகச் சேருகிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து. அந்த வகுப்பில் மரக் கப்பலைப் பற்றிப் பாடம் எடுக்கிறவனே நான்தான்.

கேன்டீனில் ஒருநாள் என் பின்னால் பேசிக்கொண்டார்கள். என்னைக் கவனிக்கவில்லை.

"என்ன மனுஷன்யா. போற போக்குல கூட மச்சான் காதுல பூ சுத்திட்டுத்தான் போயிருக்காரு."

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். துக்கத்தோடுதான் சிரித்தார்கள், இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று தங்கை வீட்டுக்குப் போனேன். அவர் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மடிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியிலிருந்த சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்ணா. நீ வேணும்னா செஞ்ச? உனக்கு என்ன தெரியும், பாவம். அந்தக் கப்பல் மரத்தப் பத்தியெல்லாம் நீ எங்க கண்ட? இவர்தான் வெளையாட்டுப் புத்தி... நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று என்னைப் பார்த்துக் கேட்கிறாள், வளர்த்த அண்ணனைப் பார்த்து. அவள் கை சூடாக இருந்தது. அந்தக் கையை மெதுவாக எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். இரவு தூங்கவில்லை. காலையில் குளித்து, சட்டை மாற்றி, நேராக உங்கள் போலீஸ் அலுவலகத்துக்கு வந்தேன்.

அதனால் தயவுசெய்து சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அறியாமை என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அடித்துவிடுங்கள். கவனக்குறைவு என்பதையும். எனக்கு எல்லாம் தெரியும். மரம் என்ன செய்யும், எவ்வளவு சீக்கிரம் செய்யும், இரும்புக்குள் எது கேட்கும், எது கேட்காது எல்லாம் தெரியும். அவர் என்னை ஏமாற்றவில்லை. நான் சொன்ன இடத்தில்தான், நான் சொன்ன படியில்தான் உட்கார்ந்தார். சொன்ன பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இதில் ஒரு பிரதி என் தங்கைக்கும் அனுப்பிவிடுங்கள் மேடம். அண்ணனைப் பற்றி அவள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.